எண் அடிக்காத ஐந்து கேப்

லேத்காரருக்கு இரண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒருவன் சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவன். இன்னொருவன் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, எஞ்சின் கோர்க்கிற மெக்கானிக். ஊரே சேர்ந்து அவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தது. சகலை மேல் இருந்தது வீட்டுப் பொறாமை. மாமியார் அவனுக்கு முதலில் பரிமாறும்போது வரும், கை கழுவுவதற்குள் போய்விடும். டாக்டர் மேல் இருந்தது தொழில் பொறாமை. அது வந்தது, போகவே இல்லை.

பின்னே என்ன? முதுகொடியக் கடைந்து, துளைத்து, இழைத்துக் கொடுப்பது இவர். அதை வாங்கிக் கோர்த்து ஓடவிடுவது மட்டும் டாக்டர். வண்டி உறுமியதும் எல்லோரும் “டாக்டர் கைராசி” என்பார்கள். நடுவில் லேத் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது.

அதனால் ஒரு எஞ்சின் பிளாக்கை அவர் யாரும் கேட்டுச் செய்யவில்லை, தன் ஆசைக்குச் செய்தார். பந்தய வண்டியில் ஓடிய எஞ்சினின் பிளாக் அது, சிலிண்டர்களைத் தாங்கும் இரும்புக்கூடு. பிஸ்டன் ராடு உடைந்து பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டதால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. விரிசல் நெடுகத் துளை போட்டு, மரையாணிகளை நெருக்கமாக இறக்கித் தைத்தார். சிலிண்டர்களுக்குப் புது லைனர் போட்டார். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டை அதன் இடத்தில் பிடித்து வைக்கிற ஐந்து கேப்பையும் கனத்த எஃகில் தானே கடைந்தார். தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதைத்தான் சகலை விலைக்குக் கேட்டு வந்தான். பழைய கார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். தெருவில் ஓட்டுகிற வண்டிதான், ஆனால் மிதித்தால் பறக்க வேண்டுமாம். லேத்காரர் பேரம்கூடப் பேசவில்லை. இரும்பு நம்முடையது, கோர்ப்பதையும் நாமே கோர்ப்போம், வண்டி தெருவில் இறங்கட்டும், யார் பேர் அடிபடுகிறது என்று பார்ப்போம் என்று அவர் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

பிளாக்கை வண்டியில் ஏற்றியாயிற்று. கேப்புகள் மட்டும் மேசையில் வரிசையாக இருந்தன. பார்வைக்கு ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பிளாக்கோடு சேர்த்து முடுக்கி ஒரே ஓட்டமாகத் துளை போட்டவை. ஒன்று இடம் மாறினாலும், திசை திரும்பினாலும் கிராங்க் இறுகிப்போகும். அதனால் கைமாறுமுன் ஒவ்வொன்றிலும் எண் அடித்தாக வேண்டும். லேத்காரர் முதல் கேப்பில் எண் அச்சை நிறுத்திச் சுத்தியலை ஓங்கினார்.

“சீக்கிரம் சகல, அங்க டாக்டர் காத்துட்டு இருக்காரு” என்றான் சகலை.

சுத்தியல் பாதியில் நின்றது. “எந்த டாக்டர்?”

“நம்ம டாக்டர்தான். எஞ்சின அவர்தான கோக்கப் போறாரு. பிளாக் எங்கேருந்து வந்தா என்ன, கை அவர் கையா இருக்கணும்ல?”

பாவி கெடுதலாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். அதுதான் லேத்காரருக்கு அடிவயிற்றில் எரிந்தது. எண் அச்சைக் கீழே வைத்தார். ஐந்து கேப்பையும் ஒரே வாரலாக வாரிச் சாக்குப் பையில் போட்டு, நன்றாக ஒரு குலுக்குக் குலுக்கினார்.

“என்னமோ அடிக்கப் போனீங்களே?”

“டாக்டருக்கு எதுக்குப்பா எண்ணு? நாடி புடிச்சே கண்டுபுடிச்சிருவாரு.”

சகலை அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகு லேத்காரர் போனும் கையுமாகவே இருந்தார். டாக்டர் கூப்பிடுவான், “அண்ணே, எது எந்த இடம்னு புரியல, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று கெஞ்சுவான், இவர் உடனே போகக் கூடாது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று லேத்தின் முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தார். போன் வரவில்லை. நாள் போகப் போக வேறு பயம் பிடித்துக்கொண்டது. கேட்காமலே அவன் ஏறுக்குமாறாக முடுக்கி, வம்படியாக ஓட்டிப் பார்த்துவிட்டால்? தாம் தைத்த சுவர் மறுபடியும் பிளந்துவிட்டால்? சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பார். டாக்டர் பெயரைக் கண்டதும் வயிறு மறுபடி எரியும், வைத்துவிடுவார்.

“போன முறைச்சு முறைச்சே தேய்ச்சுருவீங்க போல. யார்கிட்டேருந்து வரணும்?” என்றாள் மனைவி.

“யார்கிட்டேருந்தும் வர வேணாம்” என்று எரிந்து விழுந்தார்.

போன் வரவில்லை, கார்தான் வந்தது. அது தெருமுனையில் திரும்பும்போதே லேத்காரர் எழுந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் பிசிறே இல்லை. அக்கம்பக்கத்து வாசலெல்லாம் ஆட்கள் நின்றார்கள். “யார் கோத்தது?” என்று ஒருவர் கேட்க, “வேற யாரு, டாக்டர்தான்” என்று சகலை கம்பீரமாக இறங்கினான். லேத்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“சகல, டாக்டர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு.”

லேத்காரர் வாசலில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம், மனைவி முன்னாலேயே மானம் போகப்போகிறது என்று நினைத்தார்.

“கேப்ல எண் இல்லாதது ஒண்ணும் தப்பில்லையாம். நீங்க போட்ட துளையில உளி விட்ட மெல்லிசான கோடு கேப்லேர்ந்து பிளாக்குக்கு அறாம ஓடுதாம். அதப் பொருத்திப் பாத்தே ஒவ்வொண்ணும் எங்க உக்காரும்னு தெரிஞ்சுருச்சாம். அவரே எண் அடிச்சுட்டாரு. இப்படி ஒரு கைய இந்த ஊர்லயே பாத்ததில்லன்னு என்கிட்ட நாலு தடவ சொல்லிட்டாரு.”

“வேற ஒண்ணும் சொல்லலயா?”

“வேறென்ன சொல்லணும்?”

டாக்டருக்குத் தெரியாமல் இருக்காது. இவ்வளவு சுத்தமாகத் துளை போட்டவன் எண்ணை மறந்திருக்க மாட்டான் என்று எஞ்சின் கோர்க்கிற எவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை விடவில்லை. கைராசிதான் அவனுக்கு என்று இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தவருக்கு, இப்போது மனசும் அவனுக்குத்தான் என்று தெரிந்தபோது தாங்கவே முடியவில்லை.

கார் போனதும் மனைவி கேட்டாள். “உங்களப் பத்தி இவ்வளவு பெருமையாச் சொல்லியிருக்காரு, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க?”

“ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்ல அவன்” என்றார் லேத்காரர்.