ஒட்டுக் கலப்பை

அன்னபாக்கியத்தின் கலப்பை வெடித்துவிட்டது என்றதும் தர்மபுரத்தில் முதலில் சந்தோசப்பட்டவர் பக்கத்துக் காணிக்கார அப்புத்துரைதான். அந்த மனிசனுக்கு அவளுடைய காணியில் கண் விழுந்து கனநாள். புருசன் இளையதம்பி பாம்பு கடித்துச் செத்த பிறகு, அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணி அவள் பேருக்கு வந்திருந்தது. ஆனால் மழைக்கு முன் உழாமல் தரிசாகப் போட்டால் அரசாங்கம் அதைப் பறித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அந்த வேறு ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"பழைய இரும்புக்குப் போடு பிள்ளை," என்றார் அப்புத்துரை, அவளுடைய வேலியில் சாய்ந்துகொண்டு. "புதுசு கொழும்பிலயும் இல்லை, இறக்குமதியை நிப்பாட்டியாச்சு. காணியை என்னட்டைத் தா, நான் பாக்கிறன்."

"நீங்கள் உங்கட வேலியைப் பாருங்கோ அண்ணை. என்ர காணியை நான் பாப்பன்."

அது காடு வெட்டிய நிலம். மண்ணுக்குள்ளே முழுக்கப் பாலை மரத்து வேர். மரக்கலப்பை அங்கே ஒரு சுற்றுக்கூடத் தாங்காது. இளையதம்பி வாங்கிப்போட்ட இரும்புக் கலப்பைதான் கதி. அதில் மண்ணைக் கீறும் கொழுவைத் தாங்குகிற வார்ப்பிரும்புக் கட்டைதான் குறுக்கே வெடித்திருந்தது. அவள் அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே வெல்டிங் கொட்டில் போட்டிருந்த சூசைப்பிள்ளை முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், வாய் கொஞ்சம் காரம். "ஒட்டலாம். ஆனா வார்ப்பு சரியான ரோசக்காரன், ஆறுதலாத்தான் நடத்தவேணும்," என்றார். கட்டையைக் கரிநெருப்பில் பழுக்கக் காய்ச்சி, வெடிப்பை ஒட்டி, ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அன்னபாக்கியம் கொல்லுப்பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். பழுத்த இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பதைத்தான் பிறந்த நாள் முதல் கண்டவள். ஒரு உதவியாக இருக்கட்டுமே என்று வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். டக்கென்று ஒரு சத்தம். ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு வெடிப்பு.

சூசைப்பிள்ளை ஓடி வந்தார். "ஐயோ மாதாவே! ஆர் உன்னைத் தண்ணி ஊத்தச் சொன்னது?"

"எங்கட கொல்லன் அப்பிடித்தானே செய்யிறவன்..."

"அவன்ரது அடிச்ச இரும்பு. இது வார்த்தது. சூட்டோட தண்ணி பட்டா வெடியாமல் என்ன செய்யும்?"

அவளுக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. தன் கையாலேயே தன் காணியைத் தொலைத்துவிட்டேனே என்று நெஞ்சு கொதித்தது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "திருப்பி ஒட்டுங்கோ."

"நிக்கும் எண்டு சொல்லமாட்டன்."

"உங்களை ஆர் சொல்லச் சொன்னது? ஒட்டுங்கோ!"

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துச் சிரித்துவிட்டார். மறுபடி காய்ச்சி ஒட்டி, சூடான உமிச்சாம்பலுக்குள் புதைத்தார். "தானா ஆறுமட்டும் தொட்டியோ, கையை முறிப்பன்." அவள் தொடவில்லை. ஒரு கோழியைக்கூட அந்தப் பக்கம் அண்டவிடாமல் காவல் இருந்து, ஆறிய பிறகுதான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

உழவு நாள் வந்தது. கூலிக்கு ஏர் பிடிக்கும் சின்னராசா கலப்பையைப் பார்த்ததும் பின்வாங்கினான். "ஒட்டுக் கலப்பையால முதல் சால் ஓட்டினா ஊருக்கே ஆகாதாம் அக்கா. அப்புத்துரை அண்ணை சொன்னவர்..."

"ஓகோ, அவர் படிப்பிச்ச பாடமோ?"

அவள் சேலையை வரிந்து கட்டினாள். மாடுகளைத் தானே பூட்டி மேழியைப் பிடித்தாள். ஏரில் பெண் கை படுவதை அந்த ஊர் கண்டதே இல்லை. அப்புத்துரை தலைதெறிக்க ஓடி வந்து வயலுக்குள் இறங்கினார்.

"எடியே, பொம்பிளை ஏர் பிடிச்சா மழை பெய்யாது! ஊரை அழிக்கப் போறியே?"

"மழை பெய்யாட்டி ஊரோட சேந்து நானும் பட்டினி கிடக்கிறன். உங்களுக்குக் காணியைத் தந்திட்டுத் தனியப் பட்டினி கிடக்கமாட்டன்!"

மாடுகள் இழுத்தன. கொஞ்சத் தூரம்தான், கலப்பை வேரில் மோதித் தடாலென்று நின்றது. அப்புத்துரையின் முகம் மலர்ந்தது. இப்போது ஒட்டு விட்டால் காணியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மனிசனுக்கு முன்னால் குனிந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. மேழியில் உடம்பு முழுவதையும் அழுத்தி மாடுகளை அதட்டினாள். வேர் படபடவென்று அறுந்தது. கலப்பை மண்ணைப் புரட்டிக்கொண்டு முன்னே போனது.

வரம்புவரை ஓட்டித் திருப்பிக்கொண்டு வந்தாள். அப்புத்துரை இன்னும் வழியிலேயே நின்றார்.

"வரம்பில ஏறி நில்லுங்கோ," என்றாள். "இது உழுத காணி."

அவர் ஏறினார்.