வோல்ட்டர் தொரையின் காருக்கு டயர்

வோல்ட்டர் தொரை இளையதம்பிக்குக் கொடுக்க வேண்டியது மூவாயிரத்து நூற்றி எழுபத்தைந்து ரூபா. ஒரே நாளில் ஏறின கடன் இல்லை. சண்டைக் காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்ந்தது. தொரையின் சிவப்புக் காரை ஜக் அடித்துத் தூக்கிக் கட்டையில் ஏற்றி வைத்த கூலி, மாரிக்கு முன்னே சில்லுகளைக் கழற்றிக் கிறீஸ் பூசின கூலி, பக்கத்து வளவில் ஷெல் விழுந்து கராஜ் ஓடு நொறுங்கினபோது காருக்கு மேலே தகரம் போட்டு மூடின கூலி என்று எல்லாம் அதற்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இளையதம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து தொரை வீட்டுக்குப் போவான். காசு கேட்கத்தான் போகிறேன் என்று வேலை செய்கிற டயர்க் கடையில் சொல்லிவிட்டுப் போவான். திங்கட்கிழமை காலையில் கடை முதலாளி ஹமீட் விடமாட்டார்.

"இளையதம்பி அண்ணன், காசு வந்திச்சா?"

"வாற கிழமை தாறாராம் முதலாளி."

"அந்தக் கிழமை எந்த வருசத்தில வரும்?"

கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். இளையதம்பியும் சிரித்துவிட்டுப் பஞ்சர் பார்க்கக் குந்திவிடுவான். உண்மை என்னவென்றால், தொரை பல தரம் காசை எடுத்து நீட்டியிருக்கிறார். "கிடக்கட்டும் தொரை, மறுகா பாப்பம்" என்று தட்டிவிட்டவன் இவன்தான். காசை வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிறு அந்த வாசலில் போய் நிற்க என்ன சாட்டு இருக்கிறது?

இவனுக்குச் சொந்த ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். அங்கே வயல் வட்டைக்குப் பக்கத்தில் இருந்த வீடு தொண்ணூறாம் ஆண்டு எரிந்தது. மனிசி சீதேவிப்பிள்ளை அகதி முகாமாய் இருந்த பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்து செத்தாள். பிள்ளை குட்டி இல்லை. கடைக்குப் பின்னால் பழைய டயர் அடுக்கின அறையில் பாயை விரித்துப் படுப்பான். கடையில் பகல் முழுக்க ஆட்கள் வருவார்கள், போவார்கள். காத்து எவ்வளவு, ஓட்டை எங்கே, எவ்வளவு நேரம் செல்லும், அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டியா என்று கேட்கிற ஒரே மனிதர் கல்லடியில் இருந்தார்.

வோல்ட்டர் தொரை நீர்ப்பாசனப் பகுதியில் வேலையாட்களுக்கு மேலே போமனாய் இருந்து பென்சன் எடுத்தவர். பறங்கி ஆள், வெள்ளைக்காரக் கலப்பு வழி. மனைவி எத்தல் இறந்து கன காலம். ஒரே மகள் டோறா அவுஸ்திரேலியாவில்.

"தொரை எண்டு கூப்பிடாத எண்டு எத்தினை தரம் சொல்றது? சுரண்டிப் பாத்தா உன்னை விட நான் கறுப்பு."

"சரி தொரை" என்பான் இளையதம்பி.

இரண்டு பேரும் கராஜுக்குள் ஆளுக்கொரு தகரப் பேணியில் பிளேன்டீயோடு இருந்து, எது நல்லது எது கூடாது என்று டயர் தெரிவார்கள். ஆமாம், டயர்தான். அந்தக் கார் இரண்டு பேர் மட்டும் இருக்கிற ஓட்டப்பந்தயச் சாதி. அதன் பழைய டயர்கள் நின்ற நிலையிலேயே வெடித்துச் செத்துவிட்டன. தொரையிடம் இங்கிலீசில் அச்சடித்த டயர்ப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை இளையதம்பி பிடித்துக் காட்ட, தொரை கண்ணை இடுக்கிப் பார்ப்பார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துகொண்டு வந்த காலம் அது.

"இது கோடைக்கெண்டே செய்த டயர் மச்சான். ரப்பர் மெத்து. சூடான தாரில ஒட்டிக்கொண்டு ஓடும்."

"நமக்கு மாரிக்கு வேற டயர் வேணுமே தொரை?"

"மாரிக்கும் இதுதான். வெளிநாட்டில குளிருக்குப் பனி விழும். அதுக்குத்தான் வேற டயர். மழைத் தண்ணியை இந்தா, இந்த வெட்டால வெளிய தள்ளிப்போடும். மணிக்கு இருநூற்றி நாப்பது கிலோமீற்றர் ஓடலாம்."

"பாலத்தில காவலுக்கு நிக்கிற சென்றிக்காரன் ஊர்ந்து வரச் சொல்றான். இருநூற்றி நாப்பதில போனா டயருக்கு ஒண்டும் நடக்காது, நமக்குத்தான் நடக்கும்."

தொரை இருமல் வரும்வரை சிரிப்பார். சண்டையால் டயரே வராத காலம் என்பதால் எந்த டயரையும் தெரியலாம். விலை தடுக்காது. ஒரு கிழமை அகலமானது நல்லது என்று முடிவாகும். மறு கிழமை, அகலம் கூடினால் ஸ்ரியறிங் கையை முறிக்கும் என்று முடிவு மாறும். ரப்பர் மெத்தாய் இருந்தால் பிடிக்கும், ஆனால் கெதியாய்த் தேயும். பக்கச் சுவர் தாழ்ந்தால் வளைவில் ஆடாது, ஆனால் ஒரு குழி போதும், றிம் நெளிந்துவிடும். வருசங்கள் இப்படிப் போனது இளையதம்பிக்குத் தெரியவில்லை.

பிறகு இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்றது. கொழும்பு றோட்டில் லொறிகள் தாராளமாய் ஓடின. அந்த வருசம் டோறா ரெலிபோனில் சொன்னாள், தகப்பனுக்கு விசா கிடைத்துவிட்டது, கண்ணையும் அங்கேயே காட்டி வெள்ளையை வெட்டலாம் என்று. கொழும்பில் இருந்து ஒருவன் வந்து காரைப் பார்த்து அட்வான்சும் கொடுத்தான். நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் நாலு பூட்டிக் காரைத் தன் சில்லில் நிறுத்தினால் பேசின விலை. கட்டையில் நின்றால் இரும்பு விலை. அந்தக் காசில்தான் தொரையின் பயணம்.

"இனி உண்மையா டயர் தெரிய வேணும் மச்சான்" என்றார் தொரை. அவர் முகத்தில் சந்தோசமா கவலையா என்று இளையதம்பிக்குப் பிடிபடவில்லை. இவனுக்கு ஒன்று மட்டும் விளங்கியது. டயர் சரிவந்தால் கார் போகும். கார் போனால் தொரை போவார்.

ஹமீட் கொழும்பில் சொல்லி ஒவ்வொரு கிழமையும் ஒரு மாதிரி டயர் எடுப்பித்தார். பிடித்தால் நாலு, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். இளையதம்பி அதைச் சைக்கிள் கரியரில் கட்டிப் பாலத்தைக் கடந்து கொண்டுபோவான்.

முதல் வந்த டயர் பார்க்க மினுங்கியது. விரித்துப் பார்த்தால் வெட்டுக்குள்ளே மயிர் போல வெடிப்பு. பக்கத்தில் அடித்திருந்த இலக்கத்தைப் பார்த்தால் செய்து ஏழெட்டு வருசம். சரிவராது என்றான். அது உண்மை. அடுத்தது புதுசு, ஆனால் அகலம். சில்லைத் திருப்பினால் மட்காட்டில் உரஞ்சியது. சரிவராது என்றான். அதுவும் உண்மை.

மூன்றாவது டயரைக் கடையில் இறக்கும்போதே இவனுக்கு விளங்கிவிட்டது. அளவு சரி. செய்து ஆறு மாசம் கூட இல்லை. எந்தப் பக்கம் சுழல வேணும் என்று அம்புக்குறி போட்டு, நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மீன்முள்ளுப் போல வெட்டு இறங்கியது. பெருவிரலை வைத்து அழுத்தினால் அமுங்கி மெதுவாய் எழும்பியது. இத்தனை வருசம் புத்தகத்தில் தேடினது இதைத்தான்.

ஞாயிறு கராஜுக்குள் தொரை கேட்டார். "எப்பிடி மச்சான்?"

"ரப்பர் கல்லு மாதிரி இருக்கு தொரை. வெயில்ல வச்சிருந்திருக்கானுகள். செத்த டயர்."

தொரை குனிந்து டயரைத் தடவினார். விரலை அதில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அப்ப அனுப்பிவிடு" என்றார்.

திரும்பி வரும்போது பாலத்தில் எதிர்க்காற்று. டயர் பின்னால் இருந்து ஆளை இழுத்தது. திங்கட்கிழமை கடையில் ஹமீட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில என்ன குறை அண்ணன்? பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டான்."

"தொரைக்குப் பிடிக்கல்ல."

"தொரைக்குக் கண்ணே தெரியாது! வாற லொறியில ஏத்திறன், இதுதான் கடைசி. கொழும்பான் இனி அனுப்ப மாட்டான்."

அடுத்த ஞாயிறு இளையதம்பி வெறுங்கையோடு போனான். தொரை கராஜில் இல்லை. குசினி அடுப்படியில் இடது கையைத் துணியால் சுற்றிக்கொண்டு இருந்தார். அவிழ்த்துப் பார்த்தான். மணிக்கட்டில் இருந்து விரல் வரைக்கும் தோல் வழண்டு கொப்புளம் போட்டிருந்தது.

"என்ன இது?"

"கொதிச்ச கேத்தில் தண்ணியைப் பேணிக்க ஊத்தினன் எண்டுதான் நினைச்சன். கையில ஊத்திப்போட்டன்."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

"வியாழனில இருந்து ஆருக்கும் சொல்லல்லையா?"

"ஆருக்குச் சொல்றது? நீ ஞாயிறுதானே வாறாய்."

இளையதம்பி தேங்காய் எண்ணெய் தேடி எடுத்துப் பூசினான். தொரைதான் பேசினார்.

"கார் எடுக்கிறவன் சனிக்கிழமை வாறான். டயர் இல்லாட்டி இரும்பு விலைதான். டிக்கட்டுக்குக் காணாது. மகளிட்டக் கேக்க எனக்கு மனம் இல்ல. அவளும் ரெண்டு வேலை செய்யிறாள்." மற்றக் கையால் பேணியைத் தள்ளி வைத்தார். "போகட்டும். இஞ்சயே கிடப்பம்."

கொப்புளத்தின் மேல் வைத்த விரலை இளையதம்பி எடுத்துக்கொண்டான்.

"தொரை, போன கிழமை கொண்டுவந்த டயர் நல்ல டயர். நான் பொய் சொன்னனான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"கண்தான் போச்சு. பெருவிரல் போகல்ல."

"மறுகா ஏன் அனுப்பச் சொன்னீங்க?"

"நீ போகவேணாம் எண்டு சொல்றாய் எண்டு விளங்கிச்சு. எனக்கு அப்பிடிச் சொல்ல வேற ஆள் இல்ல. இன்னொரு கிழமை கேப்பம் எண்டு இருந்திட்டன்."

இளையதம்பி எழும்பிச் சைக்கிளை எடுத்தான். பாலத்தில் இறங்கி உருட்டவேண்டும் என்று சென்றிக்காரன் கத்தினபிறகுதான் இறங்கினான். ஹமீட் வீட்டுக்குக் காத்தான்குடிக்குப் போவதை மறந்து ஞாயிறு என்று பூட்டிக் கிடந்த பட்டினத்துக் கடை வாசலில் போய் நின்றான். பிறகு திரும்பவும் பாலத்தைக் கடந்து காத்தான்குடி போய்க் கதவைத் தட்டினான்.

"லொறியில ஏத்திட்டீங்களா முதலாளி?"

"நாளைக்கு ஏத்திறதாத்தான் இருந்தன். ஏன்?"

"ஏத்தாதீங்க. அதே சாதியில இன்னும் மூணு எடுங்க."

ஹமீட் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்த பகிடியை விழுங்கினார். "எடுப்பம். வந்து ஒரு வாய் சோறு தின்னுங்க அண்ணன்" என்றார்.

வியாழக்கிழமை நாலு டயரும் வந்தன. இளையதம்பி வெள்ளி முழுக்க லீவு எடுத்து, அம்புக்குறி பிழைக்காமல் நாலையும் றிம்மில் ஏற்றி, காத்து அடித்துப் பூட்டினான். கடையில் இருந்து கொண்டுவந்த பற்றரியைப் போட்டதும் என்ஜின் இருமி இருமி உயிர் பிடித்தது. கட்டையை இழுத்ததும் கார் நிலத்தில் இறங்கி ஒரு தரம் ஆடி நின்றது.

"ஏறு" என்றார் தொரை.

"கண்?"

"நீதான் கண்."

கல்லடியில் இருந்து ஆரையம்பதி வரைக்கும் போனார்கள். இளையதம்பி வாய் ஓயாமல் கத்திக்கொண்டு போனான். "இடப்பக்கம் மாடு! நேரா, நேரா! சைக்கிள்காரன், அடியுங்க ஹோர்ன்!" தொரை ஸ்ரியறிங்கைப் பிடித்த பிடியில் ஒரு நடுக்கம் இல்லை. ஆரையம்பதிக்கு இந்தப் பக்கம் றோட்டு வெறுமையாய்க் கிடந்த ஓரிடத்தில் மட்டும் வலது காலை அழுத்தினார். டயர் தாரை நக்கிக்கொண்டு போனது. எதிரே ஆட்டுக்குட்டி ஒன்று பாய்ந்தது. இளையதம்பி அலறினான். தொரை பிறேக் அடித்தார். கார் இருந்த இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு சாண் சறுக்கவில்லை.

"ஆர் தெரிஞ்ச டயர்?" என்றார் தொரை.

இளையதம்பி பெலத்துச் சிரித்தான். முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டான். தொரைக்கு அது தெரிந்திருக்காது.

சனிக்கிழமை கொழும்புக்காரன் வந்தான், காரை ஓட்டிப் பார்த்தான், பேசின காசைக் கொடுத்துவிட்டுக் கொண்டு போனான். கராஜுக்குள் நாலு கட்டையும் எண்ணெய்க் கறையும் மிஞ்சின. தொரை டயர்க் காசை ஹமீட்டுக்கென்று வேறாய் எடுத்து வைத்துவிட்டு மிச்ச நோட்டுக் கட்டை இளையதம்பியிடம் நீட்டினார்.

"எனக்கு நோட்டுத் தெரியாது. உன்ர காசை நீயே எண்ணி எடு. மூவாயிரத்து நூற்றி எழுபத்தைஞ்சு."

"கிடக்கட்டும் தொரை."

"இளையதம்பி, எடு."

எண்ணி எடுத்தான். மூவாயிரத்து நூறு எடுத்ததும் மிச்சத்தைத் தொரையின் மடியில் வைத்தான். "எழுபத்தைஞ்சு இருக்கட்டும். வரக்குள்ள தாங்க."

தொரை தலையை ஆட்டினார். "நான் வரமாட்டன் மச்சான். எனக்கு எழுபத்தொரு வயசு. எழுபத்தைஞ்சு ரூபாவை நம்பி நீ ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பூட்டின கேற்றுக்கு வந்து நிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?"

மடியில் இருந்த நோட்டுக் கட்டைத் தடவி ஒரு நோட்டை உருவி நீட்டினார். அது நூறு ரூபா. இளையதம்பி சொல்லவில்லை. சேட்டுப் பையில் கிடந்த இருபதையும் அஞ்சையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டான்.

"இப்ப சரியா?" என்று தொரை கேட்டார்.

"சரி தொரை. கணக்குத் தீந்துது."