சுவிட்சுக்கு ஓர் ஆள்

மலேசியாவில் பீடோர் ஊருக்கு வெளியே இருந்த ரப்பர் ஆலை அரசாங்கத்திடம் இருந்தவரை, உருளை இயந்திரத்துக்கு இரண்டு பேர். என் கணவர் உடையப்பன், உறைந்த ரப்பர் கட்டியான ஒட்டுப்பாலை உருளைகளுக்குள் தள்ளுவார். மீரா சாஹிப் சற்றுத் தள்ளி சுவிட்சில் கை வைத்து நிற்பார். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஏதாவது சிக்கினால் இவர் திரும்பிப் பார்க்காமல் இடது கையைத் தூக்குவார். இயந்திரம் நிற்கும். வலது கையால் சிக்கியதை எடுப்பார்.

"மச்சான் கை தூக்கினா நான் நிறுத்தணும். வீட்ல தங்கச்சி கை தூக்கினா மச்சான் நிறுத்தணும். அவ்வளவுதான்லா ஒப்பந்தம்" என்பார் மீரா சாஹிப்.

இரண்டு ஆள் என்பதைத் தொழிற்சங்கம் போராடி ஒப்பந்தத்தில் எழுத வைத்திருந்தது. எண்பத்தாறில் ஆலை தனியாருக்குப் போனது. பழைய ஒப்பந்தம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்றது புதிய நிர்வாகம். சுவிட்சை இவர் முழங்காலுக்கு அருகே மாற்றிவிட்டு, மீரா சாஹிப்பை வேலையிலிருந்து நிறுத்தியது. அவர் பக்கத்து ஊர் தாப்பாவில் தன் மைத்துனர் கடைக்கு ரொட்டி போடப் போனார். சங்கம் ஈப்போ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

"கை தானா தூக்குது, காளி" என்றார் இவர் ஒருநாள் சாப்பிடும்போது. "நேத்து தூக்கிட்டு நின்னேன். பசங்க சிரிச்சானுங்க."

"அந்தப் பழக்கத்த விட்டுடுங்க."

"கேசு முடியட்டும். பாய் வந்துருவாரு."

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் உருளையில் சாக்குத் துண்டு சிக்கியது. இவர் இடது கையைத் தூக்கினார். வலது கையை உள்ளே விட்டார். சத்தம் நிற்காததை எப்படிக் கவனிக்காமல் போனார் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரியும். கை தூக்கிய பிறகு இவர் காது எதையும் கேட்டதில்லை. ஈப்போவுக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது.

அடுத்த ஆண்டு சங்கம் வென்றது. மீரா சாஹிப்பைத் திரும்ப அழைத்தார்கள். அவர் என் வாசலில் வந்து நின்றார், உட்காரவில்லை.

"எப்படிம்மா அங்க போய் நிப்பேன்?"

"இப்ப யாரு தள்ளுறது?"

"செல்லாயி மவன், பத்துமலைன்னு ஒரு பையன். போன மாசந்தான் கல்யாணம் ஆச்சு."

"போங்க அண்ணே. அவன் கை தூக்குவான்ல."

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். ஆலையின் உருளைச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். நடுவில் அது சட்டென்று நின்றது. கையிலிருந்த பாத்திரத்தோடு நானும் நின்றேன்.

பிறகு மறுபடியும் ஓடத் தொடங்கியது.