குட்டை ஹேண்டில்பாரும் மரத்த விரல்களும்

மாலை வகுப்பில் அந்தோணிராஜ் வட்டம் போட்டால் முட்டை வந்தது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடந்தன.

பகலில் அவன் துடியலூரில் ஒரு பம்புசெட் கடையின் சர்வீஸ் ஆள். தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டார் பார்க்க வேண்டும்; சில நாள் அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஆனைமலை வரைக்கும் போவான். வண்டி பழைய புல்லட். நெடுந்தூரம் சளைக்காத வண்டிதான். ஆனால் முன்பு வைத்திருந்தவர் அழகுக்காகக் குட்டை ஹேண்டில்பார் மாட்டியிருந்தார். குனிந்து ஓட்டினால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கியது. விரல்கள் தெளிய இரவாகிவிடும். மெஷின் டிராயிங் வகுப்போ மாலையில். ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் பாடத்தில் தவறியிருந்தான். இந்தத் தடவையும் தவறினால் டிப்ளமோவை விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தான். வண்டியை விட்டால் வேலையே இல்லை.

உயரமான ஹேண்டில்பார் மாட்டிவிடலாம் என்று மனைவி கெசியா சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவனுக்கு எதுவும் அப்படிச் சுலபத்தில் வராது. காற்று நெஞ்சில் அறையுமே, வண்டி ஆட்டம் கொடுக்குமோ என்று ஒரு வாரம் குழம்பினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வண்டியை நிறுத்தி ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கைகளை நீட்டினான். அவை தானாக நிற்கும் இடத்தில் துணி காயப்போடும் கம்பைக் கெசியாவைப் பிடிக்கச் சொன்னான்.

"ஏனுங்க, பக்கத்து ஊட்டுல பாக்கறாங்க. பேய் ஓட்டறோம்னு நெனச்சுக்குவாங்க."

"கம்பை ஆட்டாத கண்ணு."

அந்த அளவுகளை வைத்து, வண்டியில் தான் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து வரைந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. முழங்கை இதமாக மடங்கியிருந்தது. மூன்று முறை சரிபார்த்த பிறகே உக்கடத்துக்குக் கிளம்பினான்.

மெக்கானிக் அமீர் ஹம்சாவுக்குக் குட்டை ஹேண்டில் மேல் தனி மோகம்.

"இந்த ஒசரமானத மாட்டுனா எருமக் கொம்பாட்டம் இருக்கும்ங்க தம்பி. ஒருத்தரும் பொண்ணு தர மாட்டாங்க."

"எனக்குத்தான் கல்யாணம் ஆயிப்போச்சுங்களே பாய்."

"அப்பச் சரி," என்று ஸ்பேனரை எடுத்தார்.

புது ஹேண்டிலுக்கும் ஆக்சிலேட்டர், கிளட்ச்சின் பழைய கேபிள்களே எட்டின. நேர் ரோட்டில் ராஜா மாதிரிப் போனான். சந்து முனையில் ஹேண்டிலை முழுதாக ஒடித்துத் திருப்பியதும், ஆக்சிலேட்டரைத் திருகாமலேயே எஞ்சின் அலறியது. பாய்ந்த வண்டி ஓர் இளநீர்த் தள்ளுவண்டியை உரசுகிற மாதிரி நின்றது. இளநீர்க்காரர் அரிவாளைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எளநி வேணும்னா எறங்கி வந்து கேளுங்க," என்றார்.

அந்தோணிராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பழையதையே மாட்டிவிடச் சொன்னான். ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்கத் தனக்கும் தோன்றவில்லையே என்று அமீர் ஹம்சா நொந்துகொண்டார். இன்றைக்கு வண்டி இங்கேயே நிற்கட்டும், நாளைக்குப் பேசலாம் என்றார்.

பஸ்ஸில் வகுப்புக்குப் போனவன் தன் படத்தை மறுபடி விரித்தான். ஒரு பொருளுக்கு ஒரு தோற்றம் போதாது என்பது முதல் மாதப் பாடம். அவன் பக்கவாட்டுத் தோற்றத்தோடு நிறுத்தியிருந்தான். அதில் ஹேண்டில் திரும்பவே திரும்பாது. அங்கேயே மேல் தோற்றத்தைப் போட்டான். ஹேண்டில் திரும்பும்போது கேபிள் முனை எவ்வளவு விலகுகிறது என்பது கோடாகத் தெரிந்தது. கேபிளின் நீளம் போதாமல் அதுவே ஆக்சிலேட்டரை இழுத்திருக்கிறது. ஹேண்டில்பார் மேல் குற்றமில்லை.

மறுநாள் நீளமான கேபிள்கள் ஏறின. எஞ்சினை ஓடவிட்டு இருவரும் ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தார்கள். சத்தம் கொஞ்சமும் ஏறவில்லை. அமீர் ஹம்சா தானே ஏறி உக்கடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எருமையைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

தேர்வு நாளன்றும் முதலாளி ரங்கராஜ் அவனை ஆனைமலைக்கு அனுப்பினார். ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் எரிந்து நின்றிருந்தது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேலையை முடித்துத் திரும்பும்போது காற்று நெஞ்சில் அறைந்தது. அறையட்டும் என்று விட்டான். கிரீஸ் கறையோடு நேராகத் தேர்வு அறைக்குள் நுழைந்தான்.

காம்பஸை ஊன்றிச் சுழற்றினான். தொடங்கிய புள்ளியில் கோடு வந்து அலுங்காமல் சேர்ந்தது. உள்ளே இன்னொரு வட்டம். அதுவும் சேர்ந்தது. பத்து விரலும் அவனுடையவையாக இருந்தன.

கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து தாளைப் பார்த்தார். பிறகு அவன் சட்டையைப் பார்த்து, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்.

"ஆனைமலைங்க சார்," என்றான் நிமிர்ந்து. "வண்டீலயே வந்துட்டனுங்க."

பிறகு குனிந்து அடுத்த கோட்டை இழுத்தான்.