எண்ணெய் இறங்கும் வரை

வண்டி ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர், பேச்சு கிடையாது. இப்படியும் ஒரு குடும்பம் நடக்குமா என்றால், நடந்துகொண்டுதான் இருந்தது.

காவலாளி இரவெல்லாம் ஒரு குளிர்பதனக் கிடங்கின் வாசலில் விழித்துக் கிடந்துவிட்டு விடிந்ததும் வீடு வருவார். பைக்கை ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திவிட்டுச் சாவியைச் சமையலறைக் கதவோர ஆணியில் மாட்டுவார். அவர் முகம் கழுவுவதற்குள், அவர்கள் வீட்டோடு இருக்கும் மனைவியின் தம்பி அதை எடுத்துக்கொண்டு பார்சல் போடக் கிளம்பிவிடுவான். சாயங்காலம் இதே கதை தலைகீழாக நடக்கும். சீட்டில் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறிவிடும்.

பேச்சு நின்றதற்குக் காரணமும் வண்டிதான். சொட்டு எண்ணெய் காணாமல் காய்ந்து கிடந்த செயின் ஒரு நாள் நடுரோட்டில் அறுந்தது. "உனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியுமா?" என்று இவர் கேட்டுவிட்டார். "வண்டி உங்க பேர்லதானே மாமா இருக்கு" என்று மச்சான் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து காவலாளியின் மனைவிதான் இரண்டு பேருக்கும் தபால்காரி. பெட்ரோல் குறைவாக இருக்கிறதாம் என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். யாருக்கு வேண்டுமோ அவர்கள் காதில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

செயின் அறுந்ததிலிருந்து காவலாளிக்கு எண்ணெய்ப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. செயினுக்குத் தெளிக்க ஒரு டப்பா வாங்கினார். அதோடு விட்டாரா? தினமும் வந்து இறங்கிய கையோடு எஞ்சினில் எண்ணெய் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்ப்பார். நுனியில் மட்டும் பேருக்கு ஈரம் இருக்கும். பகலெல்லாம் கண்மண் தெரியாமல் முறுக்கி எண்ணெயைத் தீர்த்துவிடுகிறான், ஒரு சொட்டு ஊற்ற மட்டும் கை வராது என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவார். தேய்ந்த எஞ்சினுக்குக் கெட்டியான எண்ணெய்தான் நிற்கும் என்று கடைக்காரர் சொன்னதால், அதையே வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்.

ஊற்ற ஊற்ற வண்டி தேறுவதற்குப் பதில் படுத்தது. இழுவை குறைந்தது. பின்னால் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் புகை விட்டது. போன வாரம் அவர் மனைவியிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். எஞ்சின் போனால் வண்டியை எடைக்குப் போட்டுவிடுவேன், உன் தம்பி வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அவள் பாத்திரம் தேய்த்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

இன்று காலை வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. தூக்கம் கண்ணைச் சொருக, மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். தாமதமாகும் என்று வீட்டுக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் மச்சான் சீருடையும் தோள்பையுமாக நடந்தே வந்து சேர்ந்தான். கடை பெஞ்சின் இந்தக் கோடியில் இவர், அந்தக் கோடியில் அவன்.

எஞ்சின் போய்விட்டது, எடைக்குத்தான் லாயக்கு என்று காவலாளி மெக்கானிக்கிடம் சொன்னார். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மெக்கானிக், தட்டை வைத்து அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். கருப்பு எண்ணெய் கொட்டியது. தட்டு நிறைந்தது. அவசரமாக இன்னொரு தட்டைத் தள்ளினார். அதிலும் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

"இவ்வளவையும் யாருய்யா ஊத்துனது?"

"நான்தான்" என்றார்கள் இரண்டு பேரும்.

காவலாளி திரும்பிப் பார்த்தார். மச்சானும் பார்த்தான். சாயங்காலம் வீடு வந்ததும் குச்சியைப் பார்ப்பானாம். காய்ந்து கிடக்குமாம். மாமாவுக்கு அக்கறையில்லை என்று கருவிக்கொண்டே ஊற்றுவானாம். காலைக் குளிரில் சட்டென்று கிளம்ப வேண்டுமென்று லேசான எண்ணெயாக வாங்கித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறான். அக்காவுக்குத் தெரியும். ஒரு டின் எஞ்சினுக்கு, ஒரு டின் செயினுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். அவளை யார் கேட்டார்கள்?

மெக்கானிக்குக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "ஓடி வந்த சூட்டுல எண்ணெய் பூரா மேல ஏறியிருக்கும். சாய்ச்சு நிறுத்தி உடனே உருவிப் பாத்தா குச்சியில என்ன தெரியும்? நேரா நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டுட்டுப் பாக்கணும்."

"எங்க வீட்டுல வண்டி எங்க பத்து நிமிஷம் நிக்குது" என்றான் மச்சான்.

எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. வழிந்த எண்ணெய் ஏர் ஃபில்டரை நனைத்திருந்தது, அவ்வளவுதான். புது எண்ணெய்க்குக் கெட்டி என்று இவரும் லேசு என்று அவனும் ஒரே நேரத்தில் வாயெடுத்தார்கள். எந்த எண்ணெய் என்று எஞ்சின் மூடியிலேயே நம்பர் போட்டிருப்பதாகச் சொல்லி, மெக்கானிக் அந்த நம்பரைப் பார்த்து நடுத்தரமானதை எடுத்து ஊற்றினார். கொஞ்சம் ஓடவிட்டு அணைத்தார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

எண்ணெய் இறங்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காவலாளிக்கு உடம்பெல்லாம் வலித்தது. இவனைப் போய் இத்தனை நாள் திட்டினோமே என்று வெட்கமாக இருந்தது. மச்சானின் கண்ணும் தன் கண்ணைப் போலவே சிவந்திருப்பதை இன்றுதான் கவனித்தார்.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க சொன்னத அக்கா சொன்னா மாமா. ரூம் பாத்துட்டேன். மாசக் கடைசியில போயிடுறேன்."

காவலாளி எழுந்து வண்டியருகே போனார். பழக்கதோஷத்தில் குச்சியில் கை வைத்தவர், உருவாமல் அப்படியே நின்றார்.

"நீ போயிட்டா காலையில இத யாரு பாக்கறது? நான் வந்ததும் நிமித்தி நிறுத்திடுறேன். நீ டீ குடிச்சிட்டு வந்து பாரு."

மச்சான் தோள்பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். பிறகு, "தினமும் பத்து நிமிஷம் லேட்டாகும் மாமா" என்றான்.

"ஆகட்டும்" என்று சொல்லி, காவலாளி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.