தாங்கிக்கு வெளியே

வளைகுடாவிலிருந்து மாத்தளைக்கு வந்து நான்கு நாள் ஆன பிறகுதான் பவித்ரனின் வீட்டுக்குப் போக றுஸ்திக்குத் துணிவு வந்தது. அதற்குள் பவித்ரனைத் தகனம் செய்து மூன்று வாரம் ஆகிவிட்டிருந்தது. இருவரும் டவுனில் ஒரே வெல்டிங் பட்டறையில் தொழில் பழகியவர்கள். வளைகுடாவுக்கு முதலில் போனவன் றுஸ்தி. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிப் பவித்ரனையும் அழைத்துக்கொண்டவன் அவன்தான்.

கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்க்கும் பவித்ரனின் மனைவி தக்ஷாயினி லீவில் இருந்தாள். கணவனின் கூட்டாளிக்குக் கதிரை போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கம்பனி அனுப்பிய கடிதத்தில் ஒன்றும் விளங்கவில்லை என்றாள்.

"அந்த வேலை என்ன, எதுக்கு உள்ளுக்குப் போறது, எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லுங்க நானா" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

அவன் சொன்னான். நிலத்தடியிலிருந்து வரும் மசகெண்ணெய் சும்மா வருவதில்லை; மணலும் தண்ணீரும் வாயுவும் கலந்தே வரும். உலையில் காய்ச்சி, உயரமான கோபுரத்தில் ஏற்றி, பெற்றோல், டீசல் என்று பிரிக்கும் முன்னால் அதைப் பெரிய தாங்கிகளில் தேக்கி வைப்பார்கள். வருஷக்கணக்கில் அடியில் முழங்காலளவு சேறு படியும். அதை வழிக்க ஆட்கள் சிறிய வாசல் வழியாக உள்ளே போவார்கள். சேற்றில் ஒரு வாயு உண்டு. முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். கூடிப்போனால் நாற்றமே தெரியாது. போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் உள்ளே போகிறவனுக்குக் குழாய் வழியாக முகமூடிக்குள் காற்று வரும். வாசலில் நிற்கிறவனுக்கு அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அவன் விழுந்தால் மணியடித்து, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே மட்டும் போகக் கூடாது.

அன்றைக்கு உள்ளே போனவன் பவித்ரன். வாசலில் நின்றவன் றுஸ்தி.

"காத்துக் கொழாய் மூட்டுல கழண்டுட்டுது. கயித்த இழுத்தேன். எண்ணெயச் சூடாக்கத் தரையில போட்டிருந்த கொழாய்ல சிக்கிட்டுது. ஆளுங்க சிலிண்டரோட வர பதினொரு நிமிஷம். நான் கயித்த விடல்ல தங்கச்சி."

அவள் தலையாட்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அவர் ஏதும் சொன்னாரா?"

தன் மனைவி நிஹ்லாவிடமும் பவித்ரனின் அண்ணனிடமும் அவன் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தான்: உடனே விழுந்துவிட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது. அதே பதில் நாக்கு நுனி வரை வந்தது. அவளோ அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மொகமூடியக் கழட்டிட்டு ரெண்டு தரம் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான்."

"எவ்வளவு தூரத்துல?"

"பதினஞ்சு அடி இருக்கும்."

"கேட்டுக்கிட்டே நின்னீங்க."

அது கேள்வியாக இல்லை. காப்பாற்ற உள்ளே போனவர்கள் விழுந்தவன் மேலேயே விழுந்து கிடந்த கதைகள் அவனுக்குப் பல தெரியும்.

அவளே சொன்னாள். "நீங்களும் போயிருந்தா ரெண்டு வீட்டுல சாவு. எனக்கு வெளங்குது நானா. நீங்க செஞ்சது சரி. ஆனா இனிமே இங்க வராதீங்க. உங்களப் பாக்கிறப்பல்லாம் அவர் கூப்பிடுறது எனக்குக் கேக்கும்."

அவன் எழுந்து வந்துவிட்டான். பஸ் ஏறாமல் கடைத்தெரு வழியாக நடந்தே வீட்டுக்குப் போய், நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் நிஹ்லாவிடம் சொன்னான். உங்களையாவது அல்லாஹ் காப்பாற்றித் தந்தானே என்று அவள் அழுதாள். அந்த ஆறுதல் அவன்மேல் ஒட்டவில்லை. இனி வளைகுடாவுக்குப் போகப்போவதில்லை என்று சொல்லி, ஊரில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினான். இருக்கிற ஆளுக்கே வேலையில்லை என்றார்கள். இரண்டாம் மாதம் விமானம் ஏறினான்.

அடுத்த தாங்கியைத் திறந்தபோது, பதறாமல் விதிப்படி நடந்த ஆள் என்று எல்லோர் முன்னிலையிலும் பாராட்டி, மேற்பார்வையாளர் அவனையே வாசலில் நிறுத்தினார். உள்ளே போகக் குனிந்தவன் ஒரு நேபாளத்துக்காரன். சிரித்தபடி தன் பெயரைச் சொல்லிக் கை நீட்டினான். றுஸ்தி தன் பெயரைச் சொல்லாமல், கயிற்றைச் சரிபார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.