மூன்றாவது கல்

முஹன்னா காப்பி போட மூட்டிய அடுப்பில் மூன்றாவது கல், நிலவியல் ஆய்வாளர் ரய்யாவின் ஆராய்ச்சிக் கல். இது தெரியவந்தபோது காப்பி தீர்ந்திருந்தது.

பதினோரு வருடம் ஆய்வுக்கூடத்தில், நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகக் கற்களைக் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவிக் கொடுத்தவன் அவன். தய்யீன் மலைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. சீவினால்தான் கல் அவனுக்கு அடையாளம் தெரியும்போல.

“தட்டையா, வாட்டமா இருந்துச்சு டாக்டர்.”

“மேல அம்புக்குறி போட்டிருந்தேனே.”

“அது அடிப்பக்கம் போயிடுச்சு.”

ஓட்டுநர் ஹுமைத் பேரீச்சங்கொட்டையைத் துப்பினான். “ஒம்பதரைக் கோடி வருஷம் பத்திரமா இருந்த கல்லு. உங்ககிட்ட அரை மணி நேரம் தாங்கல அண்ணே.”

கருப்பாக இருந்த கல் சிவந்து வெடித்திருந்தது. அதற்குள் அடைபட்ட வாயுவை அளந்துதான் வயதைச் சொல்ல வேண்டும். நெருப்புப் பட்டால் வாயு வெளியேறிவிடும். ரய்யாவின் நான்கு வருட ஆராய்ச்சி அந்த வயதில் நின்றது.

“இனிமே வயசு சொல்லுமா?” என்றான் முஹன்னா.

“இன்ஷா அல்லாஹ்,” என்றாள் ரய்யா. தான் போகவே போகாத கல்யாணங்களுக்கு அழைப்பு வந்தால் முஹன்னா சொல்லும் பதிலும் அதுதான்.

அவள் கல்லை வெட்டியெடுத்த இடத்துக்கு ஏறினாள். அவனும் பின்னால் போனான். பாறை நிழலில் இரண்டு மலைகள் ஒட்டிய கோடு ஓடியது. மேலே கடலடிக்கும் அடியிலிருந்து சூடாக வந்தது; கீழே அது ஏறி நசுக்கிய பழைய கடல்தரை. கீழ்ப்பாறையின் மேல்விளிம்பில்தான் வேக்காடு அதிகம், கீழே போகப்போகக் குறைவு. முஹன்னா படுத்துக் கோட்டில் உள்ளங்கையை வைத்தான். கண் சொக்கியது. தலைக்கு மேல் கடல் பச்சையாக அசைந்தது. நகம் வளரும் வேகத்தில் மலை நகர்ந்தது. நுண்ணோக்கியில் மட்டுமே பார்த்திருந்த சிவப்புக் கார்னெட் மணிகள், தூக்கத்தில் புரளும் குழந்தைகள் போர்வையைச் சுருட்டிக்கொள்வதுபோல், சுற்றியிருந்த பாறையைச் சுருட்டிக்கொண்டு உருண்டன. யாருக்கும் அவசரமில்லை.

உளிச் சத்தம் நின்றதும் விழித்தான். ரய்யா வெட்டிய குழி உள்ளங்கை அகலம்தான். அந்தக் கல்லில் இருந்ததுபோல் சுற்றிலும் ஒரு சிவப்பு மணிகூட இல்லை.

“கிடைச்சுதா?”

“தேடலாம். மலை பெரிசு.”

“மழுப்பாதீங்க டாக்டர். என் மனசு நோகும்னு பாக்காதீங்க. போச்சா?”

அவள் உளியைக் கீழே வைத்தாள்.

“போச்சு. அந்த மாதிரி கல்லு இங்க அது ஒண்ணுதான். நாலு வருஷமும் அதோட போச்சு. உங்கமேல ரொம்பக் கோபமா இருக்கேன் அண்ணே.”